என் பீரில் பிளாஸ்டர் வாடை: 14 பேரில் ஒருவர் மட்டும் சொன்னார்

ஈசூன்வாசி

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூரில், ஈசூனில் ஒரு நாலறை வீவக வீட்டில், அதாவது அரசு அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். பத்து மாதமாக வீட்டில் பீர் காய்ச்சுகிறேன். இங்கே 2004இலிருந்து அதற்கு அனுமதி உண்டு. 18 வயது ஆகியிருக்க வேண்டும், ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர்தான், விற்கக் கூடாது, சாராயம் வடிப்பது அறவே கூடாது. எங்கள் குழு மாதம் ஒருமுறை கூடும். ஆளுக்கு இரண்டு மூன்று பாட்டில் கொண்டு வருவோம். ஊற்றிக் கொடுத்து, குடித்துப் பார்த்து, கருத்துச் சொல்வோம்.

போன கூட்டத்துக்கு நான் கொண்டுபோனது பேல் ஏல் என்ற வெளிர் நிறப் பீர். முதல் நான்கு முறையும் மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) பாகு டின்னை வைத்துத்தான் செய்திருந்தேன். இந்த முறைதான் முதன்முதலாக மால்ட் தானியத்தையே உடைத்து ஊறவைத்துச் செய்தேன். பேல் மால்ட் 4.5 கிலோ, கிரிஸ்டல் மால்ட் 300 கிராம், கசப்புக்கும் மணத்துக்கும் காஸ்கேட் ஹாப்ஸ் பூ, யுஎஸ்-05 ஈஸ்ட். 19 லிட்டர் கிடைத்தது. தொடக்க அடர்த்தி 1.052, முடிவு 1.012, ஆக ஆல்கஹால் 5.2 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே. பழைய குளிர்பெட்டி ஒன்றில் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி மாட்டி 19 டிகிரியில் நொதிக்க விட்டேன். காலை ஆறு மணிக்குத் தொடங்கி மாலை நான்கு வரை அடுப்படியைவிட்டு நகரவில்லை. மனைவியும் மகளும் அன்றைக்கு உணவங்காடியில்தான் சாப்பிட்டார்கள்.

கூட்டத்தில் 14 பேர். எல்லாருக்கும் ஊற்றினேன். "நன்றாக இருக்கிறது", "முதல் தானிய பீருக்கு அருமை" என்றார்கள். எழுபதை நெருங்கும் ஓர் அங்கிள் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. டம்ளரை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். அப்புறம் முகர்ந்தார், கீழே வைத்தார், திரும்ப முகர்ந்தார். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, "சின்ன வயதில் முழங்காலில் ஒட்டுவார்களே, பிளாஸ்டர். எனக்கு அந்த வாடை வருகிறது. உங்களுக்கு வருகிறதா?" என்று கேட்டார். முகர்ந்தேன். அந்த நொடிவரை எனக்குத் தெரியாமல் இருந்த வாடை, அதற்கப்புறம் போகவே இல்லை. "தண்ணீருக்கு என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார். பதில் சொல்வதற்குள் அடுத்த பாட்டிலைத் திறந்துவிட்டார்கள். அவர் எழுதிக்கொடுத்த தாளில் 50க்கு 24.

வீட்டுக்கு வந்து இன்னொரு பாட்டில் திறந்தேன். அதே வாடை. மொத்தம் 48 பாட்டில்.

மூன்று விஷயம் கேட்க வேண்டும். இது தண்ணீரால்தானா? மற்ற 13 பேரும் ஏன் சொல்லவில்லை, அவர்களுக்குத் தெரியவில்லையா, சொல்ல மனம் வரவில்லையா? மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். அடுத்த மாதம் ஒரு புது ஆள் தன் முதல் பீரைக் கொண்டு வருகிறார், என் மேசையில்தான் உட்காரப் போகிறார். அதில் குறை இருந்தால் நான் எப்படிச் சொல்வது?

மால்ட்மணி

முதல் கேள்விக்கு மட்டும் என்னால் பதில் சொல்ல முடியும். எனக்கும் இது நடந்திருக்கிறது.

அந்த வாடைக்குப் பெயர் குளோரோஃபீனால். மால்ட்டின் உமியிலும் ஹாப்ஸிலும் ஃபீனால்கள் இருக்கின்றன, ஈஸ்ட்டும் கொஞ்சம் உண்டாக்கும். தண்ணீரிலுள்ள குளோரின் அவற்றோடு சேர்ந்தால் இது பிறக்கும். பில்லியனில் சில பங்கு இருந்தாலே மூக்குக்குத் தெரியும். சிலர் பிளாஸ்டர் என்பார்கள், சிலர் டெட்டால் என்பார்கள், ஆஸ்பத்திரி வராந்தா என்பாரும் உண்டு.

முந்தைய நான்கு முறையும் எந்தத் தண்ணீர் ஊற்றினீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். பாகு டின்னில் செய்கிறவர்கள் பாதிப் பேர் கடையில் வாங்கிய தண்ணீர்க் கேனைத்தான் ஊற்றுவார்கள். தானியத்தில் செய்யும்போது 30 லிட்டர் வரை வேண்டியிருக்கும், அவ்வளவையும் யார் சுமந்து வருவது என்று குழாயைத் திறந்துவிடுவோம். கொதிக்க வைத்தால் குளோரின் போய்விடும் என்று நினைத்திருப்பீர்கள். வெறும் குளோரின் என்றால் போகும். சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரில் இருப்பது குளோரமின், அதாவது குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது. குழாயில் நெடுந்தூரம் வந்தாலும் சிதையாமல் இருக்க வேண்டும் என்றுதான் அதைச் சேர்க்கிறார்கள். ஒரு ராத்திரி திறந்து வைத்தாலும் போகாது, ஒரு மணி நேரக் கொதியையும் நம்ப முடியாது. அதோடு, தானியத்தை ஊறவைப்பது கொதிக்குமுன் அல்லவா? மால்ட்டும் அந்தத் தண்ணீரும் அதற்குள் சேர்ந்துவிடுகின்றன.

இதற்கு மருந்து எளிது. காம்ப்டன் மாத்திரை என்று காய்ச்சும் சாமான் கடையில் கிடைக்கும், பொட்டாசியம் அல்லது சோடியம் மெட்டாபைசல்பைட். ஒரு மாத்திரை சுமார் 75 லிட்டருக்குப் போதும். உங்கள் 30 லிட்டருக்கு அரை மாத்திரையைப் பொடித்துப் போட்டுக் கலக்கி, ஐந்து பத்து நிமிடம் விட்டுவிட்டு அப்புறம் அடுப்பை மூட்டுங்கள். அவ்வளவுதான்.

ஆனால் தண்ணீர்தான் என்று முடிவுகட்டுமுன் இரண்டு விஷயம் பாருங்கள். பாத்திரத்தைப் பிளீச் போட்டுக் கழுவினீர்களா? சரியாக அலசாவிட்டால் அதிலிருந்தும் இதே வாடை வரும். இன்னொன்று, காட்டு ஈஸ்ட் புகுந்திருந்தாலும் மருந்து வாடை அடிக்கும். அப்படியானால் வாரம் போகப் போக வாடை கூடும், சில பாட்டில் திறந்ததும் பொங்கி வழியும், ஒரு பாட்டில் இருப்பது போல் இன்னொன்று இருக்காது. எல்லாப் பாட்டிலும் ஒரே மாதிரி, ஒரே அளவில் இருந்தால் தண்ணீர்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், வருத்தமான விஷயம். குளோரோஃபீனால் காலப்போக்கில் மறையாது. ஆறு மாதம் வைத்துப் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். நான் காத்திருந்தேன், கடைசியில் எல்லாவற்றையும் தொட்டியில்தான் கொட்டினேன்.

தெற்குக்காற்று

மெல்பர்னிலிருந்து எழுதுகிறேன். பிஜேசிபி என்ற பீர் நடுவர் அமைப்பின் தேர்வு எழுதித் தேறியவன். 1985இல் அமெரிக்காவில் தொடங்கிய அமைப்பு அது. உங்கள் அங்கிள் கொடுத்த 50 மதிப்பெண் தாள் அவர்களுடையதாகத்தான் இருக்கும். ருசித் தேர்வில் ஆறு பீர் வைப்பார்கள், 90 நிமிடம் தருவார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள் முழுக்க எழுத வேண்டும். பீரில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிப்பதோடு முடியாது, செய்தவருக்குப் பயன்படுகிற மாதிரி எழுதியிருக்கிறீர்களா என்பதற்கும் மதிப்பெண் உண்டு.

தாளின் பங்கீட்டைப் பாருங்கள். மணம் 12, தோற்றம் 3, சுவை 20, வாயில் உணரும் தன்மை 5, மொத்த அனுபவம் 10. கலங்கல் இல்லாமல் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று நாம் படாத பாடு படுகிறோமே, தோற்றம் முழுதுக்கும் மூன்றே மூன்றுதான். மணத்துக்கும் சுவைக்கும் சேர்த்து 32. பிளாஸ்டர் வாடை இரண்டையும் அடித்துவிடும். அப்படியும் 24 கிடைத்திருக்கிறது என்றால் அடியில் இருக்கும் பீர் நல்ல பீர். 21 முதல் 29 வரை அந்தத் தாளில் 'நன்று' என்றே பெயர். நிறம், நுரை, கசப்பு எல்லாம் சரியாக அமையாமல் 24 வராது.

மற்ற 13 பேர் விஷயத்தில் அவசரப்பட்டு மனம் வருந்தாதீர்கள். உங்கள் பீர் ஐஸ் பெட்டியிலிருந்து நேராக வந்ததா? நான்கு டிகிரியில் இருக்கும் பீரில் பாதி வாசனை வெளியே வராது. அந்த அங்கிள் டம்ளரை உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள், சூடேற்றிக்கொண்டிருந்தார். பத்துப் பன்னிரண்டு டிகிரிக்கு வந்ததும்தான் முகர்ந்திருப்பார். வரிசையில் எத்தனையாவதாக ஊற்றினீர்கள்? அதற்கு முன்னால் டபுள் ஐபிஏ என்ற கசப்பு மிகுந்த பீர் போயிருந்தால் நாக்கு மரத்திருக்கும். அதோடு, ஆளுக்கு ஆள் மூக்கு வேறு. குளோரோஃபீனாலை ஒரு துளியிலேயே பிடிப்பவர் வெண்ணெய் வாடையை மொத்தமாகத் தவறவிடுவார். எனக்கு வெண்ணெய் தாமதமாகத்தான் தெரியும், அதனால் அந்த இடத்தில் பக்கத்து நடுவரைக் கேட்டுவிட்டே எழுதுவேன்.

சிலர் தெரிந்தும் சொல்லாமல் இருந்திருக்கலாம். அது எல்லாக் குழுவிலும் இருக்கிறது. ஒருவர் ஒரு நாள் முழுக்க நின்று செய்து, ஒரு மாதம் காத்திருந்து, சுமந்து வந்து ஊற்றும்போது வாய் தானாக "நன்றாக இருக்கிறது" என்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நன்றாக இருக்கிறது என்று கேட்டவர் அதே தண்ணீரில் அடுத்த 19 லிட்டரைக் காய்ச்சுவார்.

புது ஆளிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டீர்கள். முதலில் அவரிடம், என்ன செய்ய நினைத்தீர்கள் என்று கேளுங்கள். பவேரியக் கோதுமை பீரில் கிராம்பும் வாழைப்பழமும் மணக்க வேண்டும், அதற்கென்றே தனி ஈஸ்ட். அதே கிராம்பு உங்கள் பேல் ஏலில் வந்தால் குறை. அவர் எங்கே போக நினைத்தார் என்று தெரியாமல் வழி தவறிவிட்டார் என்று சொல்ல முடியாது. அப்புறம், காரணத்தைச் சொல்லாதீர்கள், மூக்கில் வந்ததைச் சொல்லுங்கள். "உங்கள் பாத்திரம் அழுக்கு" என்பது உங்கள் ஊகம். "எனக்குப் புளித்த மோர் வாடை வருகிறது" என்பது நீங்கள் உணர்ந்தது. காரணத்தை அவரைக் கேள்வி கேட்டுத்தான் தேட வேண்டும். உங்கள் அங்கிள் செய்ததை வரிக்கு வரி பாருங்கள். எனக்கு வருகிறது என்றார், உங்களுக்கு வருகிறதா என்றார், தண்ணீருக்கு என்ன செய்தீர்கள் என்றார். நாங்கள் புது நடுவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க மெனக்கெடுவது இதைத்தான்.

பனங்கூடல்

நான் டொராண்டோவில் இருக்கிறேன், ஊர் யாழ்ப்பாணப் பக்கம். மேலே இருவரும் சொல்லாத ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் கழகத்தில் சேர்ந்த முதல் வருடம் நான் வாய் திறக்கவே இல்லை. அவர்கள் கதைக்கிற வாசனை ஒன்றும் எனக்குப் பிடிபடவில்லை. தியேட்டர் பாப்கார்ன் வெண்ணெய் என்பார்கள், குதிரைப் போர்வை என்பார்கள். நான் எங்கே குதிரைப் போர்வையைக் கண்டேன்? எனக்கு மூக்கு சரியில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் லாகர் என்ற, குளிரில் நொதிக்க வைக்கும் பீர் ஒன்றைக் குடித்துவிட்டு, யோசிக்காமல் "இது பட்டர் பிஸ்கட் டப்பாவைத் திறந்த மாதிரி இருக்கிறது" என்றேன். மேசையில் இருந்தவர் உடனே "டையசிட்டில்!" என்றார். ஓம், வெண்ணெய் மணக்கிற அந்தப் பொருள்தான். ஈஸ்ட் வேலை முடிக்குமுன் குளிரவைத்தால் அது பீரிலேயே தங்கிவிடும். லாகரைக் கடைசி இரண்டு மூன்று நாள் 18 டிகிரிக்கு உயர்த்தி வைத்தால் ஈஸ்ட் தானே அதைத் தின்று தீர்க்கும். ஆனால் எனக்கு அன்றைக்குக் கிடைத்த பெரிய விஷயம், என் வீட்டு வாசனையை வைத்தே நான் கதைக்கலாம் என்பது.

அன்றிலிருந்து எனக்கென்று ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். மால்ட்டிலிருந்து வரும் டிஎம்எஸ் என்ற கந்தகப் பொருளுக்கு நான் எழுதி வைத்திருப்பது, சோளம் அவித்த தண்ணீர். கூடுதலாக இருந்தால் முட்டைக்கோவா அவிகிற வாடை. காற்றுப் பட்டுக் கெட்டது என்றால், மழையில் நனைந்த அட்டைப்பெட்டி. முற்றாத இளம் பீர் என்றால், வெட்டி வைத்த பச்சை ஆப்பிள், சில நேரம் புதிதாய்ச் சுவருக்கு அடித்த பெயின்ட். பழைய ஹாப்ஸ் என்றால், கழற்றிப் போட்ட காலுறை. பச்சைப் பாட்டிலில் வெயில் பட்டது என்றால் இங்கே ஸ்கங்க் என்பார்கள். எனக்கு அது வண்டியில் அடிபட்ட ஏதோவொன்று ரோட்டோரம் கிடக்கிற நாற்றம்.

அந்தப் புது ஆள் தமிழரோ சீனரோ மலாய்க்காரரோ, அவருடைய அடுப்படியிலிருந்து வருகிற சொல்லைச் சொல்லச் சொல்லுங்கள். அவர் சொல்லும் வாசனை உங்களுக்கும் புதிதாக ஒன்றைக் காட்டும். நான் பனங்கள்ளு மணத்தோடு வளர்ந்தவள். காட்டு ஈஸ்ட் போட்டுச் செய்த பெல்ஜியம் பீர் ஒன்றை எங்கள் கழகத்தில் பலர் முகம் சுளித்துத் தள்ளி வைத்தபோது, எனக்கு அதில் காலையில் இறக்கிப் பின்னேரம் வரை வைத்த கள்ளின் புளிப்பு தெரிந்தது. அதைச் சொன்னதும் எல்லோரும் திரும்ப எடுத்து முகர்ந்தார்கள்.

ஈசூன்வாசி

மூவருக்கும் நன்றி. மால்ட்மணி சொன்னது அப்படியே. முதல் நான்கு முறையும் கேன் தண்ணீர், இந்த முறை குழாய். பிளீச் தொடவில்லை. நேற்று வெவ்வேறு அட்டைப்பெட்டியிலிருந்து ஐந்து பாட்டில் எடுத்துத் திறந்தேன். ஐந்தும் ஒரே மாதிரி, எதுவும் பொங்கவில்லை. கூட்டத்தில் என்னுடையது ஒன்பதாவது. எட்டாவது ஒரு டபுள் ஐபிஏ.

ஒன்றைச் சொல்ல வேண்டும். எனக்கு 24 மதிப்பெண்ணைவிட அந்த 13 "நன்றாக இருக்கிறது"தான் வலித்தது. குளிரும் வரிசையும் காரணமாக இருக்கலாம் என்று தெற்குக்காற்று எழுதியதைப் படித்தபிறகு கொஞ்சம் ஆறுதல். மாத்திரை வாங்கிவிட்டேன். சனிக்கிழமை அதே அளவு, அதே ஈஸ்ட், தண்ணீரை மட்டும் மாற்றிச் செய்யப் போகிறேன். பழைய பாட்டிலில் ஆறு மட்டும் ஒப்பிட வைத்துக்கொண்டு மீதியைக் கொட்டினேன்.

கோவைவாசகன்

படிக்கவே ஆசையாக இருக்கிறது. கோயம்புத்தூரில் ஒரு சின்ன அளவில் செய்து பார்க்கலாமா?

தெற்குக்காற்று

வேண்டாம். தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் நடப்பில் இருக்கிறது, உரிமம் இல்லாமல் வீட்டில் மது செய்வது குற்றம். ஆசை இருந்தால் மூக்கைப் பழக்குங்கள், அதற்குத் தடை இல்லை. கிராம்பு, வெண்ணெய், பச்சை ஆப்பிள், நனைந்த அட்டை என்று ஒவ்வொன்றாகக் கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்து பெயர் சொல்லிப் பாருங்கள். என் பயிற்சியும் அப்படித்தான் தொடங்கியது.

ஈசூன்வாசி

ஏழு வாரம் ஆகிவிட்டது. நடந்ததை எழுதுகிறேன்.

புதிய பீர் ஆனதும் வீட்டிலேயே மூன்று டம்ளர் வைத்துச் சோதித்தேன். இரண்டில் ஒரே பீர், ஒன்றில் மற்றது. எது வேறு என்று முகர்ந்து சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு முறை சரியாக வரும் என்பதால் மனைவியை மூன்று தடவை செய்ய வைத்தேன். குளிரை எடுத்துவிட்டு, டம்ளரின் அடியில் எண் ஒட்டி, நான் அறைக்கு வெளியே நின்றேன். மூன்று தடவையும் சரியாகச் சொன்னாள். பீர் குடிக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை, முகர்ந்து மட்டும் பார்த்தாள். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "இதில் மட்டும் நீச்சல்குளத்தில் நனைந்த துண்டு வாடை" என்றாள். பனங்கூடல், இதை உங்கள் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள்.

நடுவில் நடந்த கூட்டத்துக்கு அந்தப் புது ஆள் வந்தார். இருபத்தைந்து வயது இருக்கும், கைகள் லேசாக நடுங்கின. பழுப்பு ஏல் செய்ய நினைத்ததாகச் சொன்னார். எனக்கு வெட்டின பச்சை ஆப்பிள் வந்தது. எனக்கு இது வருகிறது, உங்களுக்கு என்ன வருகிறது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் முகர்ந்துவிட்டு, "பச்சைக் கொய்யா" என்றார். எத்தனையாவது நாள் பாட்டிலில் அடைத்தீர்கள் என்று கேட்டேன். ஆறாம் நாள் என்றார், அடர்த்தியை அளக்கவே இல்லை. பேச்சு அத்தோடு ருசியைவிட்டுப் போய்விட்டது. நொதிப்பு முடியாமல் அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டே போகும், கண்ணாடி வெடிக்கும். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக எல்லாப் பாட்டிலையும் குளிர்பெட்டியில் வையுங்கள், எடுக்கும்போது கையில் துணி சுற்றிக்கொள்ளுங்கள், மூடியை மெதுவாகத் திறந்து காற்றை வெளியேற்றுங்கள் என்றேன். அடுத்த நாள் செய்தி அனுப்பினார். இரண்டு பாட்டில் கூரைவரை பொங்கியதாம், கண்ணாடி உடையவில்லை. "நன்றாக இருக்கிறது" என்று நானும் சொல்லிவிட்டுப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்றிரவு வெகுநேரம் யோசித்தேன்.

போன வாரக் கூட்டத்தில் என் புதிய பேல் ஏலை ஊற்றினேன். இந்த முறை பெயர் சொல்லாமல் எண் மட்டும் போட்டு ஊற்றலாமா என்று கேட்டேன், சம்மதித்தார்கள். ஊற்றுவதற்கு 20 நிமிடம் முன்பே பாட்டிலை ஐஸிலிருந்து வெளியே எடுத்துவிட்டோம். கனமான பீர் எல்லாம் கடைசிக்குப் போயின. தாள்கள் வந்தன. அங்கிளின் தாளில் 34. கசப்பு கொஞ்சம் அதிகம், நாக்கின் பின்பக்கம் நீண்ட நேரம் நிற்கிறது என்று எழுதியிருந்தார். இன்னும் நான்கு தாளில் அதே கருத்து, வேறு வேறு சொல்லில். போன தடவை வாய் திறக்காதவர்கள்தான். பெயர் தெரியாதபோது எல்லாருக்கும் எழுத வந்தது.

அன்றைக்கு ஏழாம் எண் ஒரு பில்ஸ்னர், லாகரில் ஒரு வகை. பொன் நிறம், நுரை வெள்ளையாக அசையாமல் நின்றது. உள்ளங்கையில் பொத்தி வைத்து முகர்ந்தேன். சோளம் அவித்த தண்ணீர். திரும்ப முகர்ந்தேன், அதேதான். தாளில் எழுதிவிட்டேன். மேசையில் வேறு யாரும் அதைச் சொல்லவில்லை. கடைசியில் எண்களுக்கு உரியவர்களைச் சொன்னபோது ஏழாம் எண்ணுக்கு அங்கிள் கை தூக்கினார்.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "எனக்கு அவித்த சோளம் வருகிறது. உங்களுக்கு வருகிறதா?" என்றேன். டம்ளரை எடுத்து வெகுநேரம் முகர்ந்தார். தனக்கு வரவில்லை என்றார். பிறகு மீதியைக் கையில் வைத்துச் சூடேற்றி மறுபடி முகர்ந்துவிட்டு, "இப்போது வருகிறது, லேசாக" என்றார். எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தீர்கள் என்று கேட்டேன். அந்தச் சோள வாடை ஆவியோடு போக பில்ஸ்னர் மால்ட்டுக்கு 90 நிமிடம், மூடி திறந்தே இருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாதா? எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். அடுத்த வீட்டில் புதிதாகக் குடிவந்தவர்களுக்குக் கைக்குழந்தை, காய்ச்சும் வாடை தாழ்வாரம் முழுக்கப் போகிறதென்று 60 நிமிடத்தில், பாதி மூடியை மூடி முடித்துக்கொண்டாராம்.

என் தாளை வாங்கிப் படித்தார். தன் குறிப்பேட்டின் நடுவில் மடித்து வைத்தார். அப்புறம், என் வீட்டு அடுப்படி ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கும் என்று கேட்டார். கார் நிறுத்துமிடத்துப் பக்கம், அங்கே ஆள் இல்லை என்றேன். வரும் சனிக்கிழமை காலை ஏழு மணிக்குத் தன் பெரிய பாத்திரத்தோடு வருகிறார். அதே பில்ஸ்னரை 90 நிமிடம், மூடி இல்லாமல் செய்யப் போகிறோம். அரை மாத்திரையைப் பொடித்து வைத்துவிட்டேன். பில்ஸ்னர் மால்ட்டை ஊறவைக்க அவர் 66 டிகிரி என்கிறார், நான் 64 நினைக்கிறேன். இதில் அனுபவம் உள்ளவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் உதவியாக இருக்கும்.